லாரிக்காரர் மகள்

என் நாட்குறிப்பில் உள்ளபடி: “செவ்வாய், மாலை 5.40, தூறல். எங்கள் தோட்டத்துப் பழைய ஆட்களின் இணையக் குழுவில் சேர்ந்தேன். ஆணா, பெண்ணா என்று கேட்டது. பெண் என்று அழுத்தினேன். காரணம்:” அதற்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. முப்பது ஆண்டுக் குறிப்பேடுகளில் நான் காலியாக விட்ட இடம் அது ஒன்றுதான்.

மலேசியாவில், பகாவுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி, கணக்கெழுதுகிறவன். ஐம்பத்து நான்கு வயது, மீசை உண்டு. குழுவில் எனக்கு வேறு பெயர், படத்துக்குப் பதில் ஒரு செம்பருத்தி.

சேர்ந்த அன்றே விசாரணை தொடங்கியது. எந்த லயத்து வரிசை வீடு, யார் வீட்டுப் பிள்ளை? தோட்டத்து ஆட்கள் இதைக் கேட்காமல் வணக்கம்கூடச் சொல்வதில்லை. மேல் லயத்தில் கொஞ்ச காலம் இருந்ததாகவும், அப்பா லாரி ஓட்டியதாகவும் எழுதினேன். லாரிக்காரர்கள் வந்து போகிறவர்கள். யாருக்கும் முகம் நினைவிருக்காது. “வாங்கக்கா” என்றார்கள்.

அந்த ‘அக்கா’ எனக்குப் பொருந்திவிட்டது. ஆபீசில் யாராவது “ஐயா” என்றால், என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரிய ஒரு நொடி பிடித்தது. மந்தின் ஊரிலிருந்து ஒருவர் சுறாப்புட்டுக்கு எவ்வளவு இஞ்சி என்று கேட்டார். சமைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் பதில் எழுதினேன்.

மாட்டிக்கொண்டது என் புத்தியால்தான். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஐந்து மணிக்குச் சங்கு ஊதும் என்று யாரோ எழுதினார்கள். பொறுக்க முடியவில்லை. ‘ஐந்தே கால். மழை நாளில் ஐந்தே முக்கால்’ என்று திருத்தினேன்.

ஞாயிறு காலை, தெமியாங் ஊரிலிருந்து அண்ணி போன் செய்தார். அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

“தம்பி, பெரட்டுக்கு எத்தன மணிக்கு சங்கு ஊதுவாங்க?”

“அஞ்சே கால் அண்ணி.”

“மழ பேஞ்சா?”

“அஞ்சே முக்கால்.”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “லாரிக்காரர் மகளும் அதேதான் சொல்லுது லா! இந்தக் கால் மணி முக்கால் மணிக்கெல்லாம் சண்ட போடுற ஆளு தோட்டத்துலயே ஒன்னுதான்.”

“குழுவில சொல்லிடாதீங்க அண்ணி. அப்புறம் யாரும் அக்கான்னு கூப்பிட மாட்டாங்க.”

“வெளையாட்டுதானே?”

“மொத வாரம் அப்படித்தான் நெனச்சேன்.”

“இப்ப?”

“தெரியல. ஆனா அங்க இருக்கறப்ப நல்லா இருக்கு.”

“ஒங்களுக்கே தெரியாதது ஒன்னு இருக்கா! அதையும் தேதி போட்டு எழுதி வைங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று பகல் முழுக்க போனைத் திறக்கவில்லை. மாலை 6.10க்குத் திறந்தேன். சங்குத் தகராறு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அண்ணி எழுதியிருந்தார்: “தங்கச்சி சொல்றதுதான் சரி. அஞ்சே கால்தான்.” இத்தனை ஆண்டுகளில் நான் சொன்னது சரி என்று அண்ணி ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை.

அதன்பின் அண்ணி என்னிடம் ஒன்று சொன்னார்: குழுவில் இன்னும் மூன்று பேருக்கு நான் யாரென்று முதல் வாரத்திலேயே தெரியுமாம், தெரிந்தேதான் அக்கா என்கிறார்களாம். யார் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார். இதை எழுதும் இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.