பூட்டுக்காரரின் வயலின் கட்சி

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், பூட்டு ரிப்பேர் செய்பவர். சாவியை அராவும்போது பக்கத்தில் டேப்பில் வயலின் ஓடிக்கொண்டே இருக்கும். மேதைகளின் பெயரைச் சும்மா உச்சரிக்கக்கூடாதாம். எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்திருக்கிறார். விரல் தெரியாத வேகத்தில் வாசிப்பவர் ‘புயல்’. கேட்பவரை அழவைக்கும் அம்மையார் ‘வெங்காயம்’. அத்தானின் உயிர் ‘நிதானம்’: ஒரு சுரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூச்சுவிட்டு வாசிக்கும் கிழவர்.

"அந்த இடைவெளியிலதான்யா சங்கீதமே இருக்கு" என்பார். இடைவெளியை அவ்வளவு நேசிக்கும் மனிதருக்குத் தன் வாயில் மட்டும் அதை விடத் தெரியாது. "நான் அரத்துல இழுக்கறதுக்கும் உங்க புயல் வில்லுல இழுக்கறதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுவைத்ததில், புயலின் ரசிகரான ஒரு வாடிக்கையாளர் திறக்காத பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போனதும் உண்டு.

அவர் மகள் ஒரு பையனை விரும்பினாள். பையனின் அப்பா, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், புயலின் பரம ரசிகர். கல்யாணம் பேச எல்லோரும் கிளம்பினோம். பேருந்தில் அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, கும்பிட்டுக் கேக்கறேன். அங்க வயலின் பேச்சை மட்டும் எடுக்காதீங்க. எனக்கு இந்தக் கல்யாணம் நடக்கணும்."

"வாயே திறக்க மாட்டேம்மா. போதுமா?"

திறக்கவில்லைதான். பையன் வீட்டில் உட்கார்ந்ததும் போஸ்ட்மாஸ்டர் டேப்பில் புயலை ஓடவிட்டார்.

"இவரை மிஞ்ச ஆள் இருக்கா, சொல்லுங்க!"

அத்தான் தேநீரை ஊதினார். காது சிவந்தது.

"சில பேர் ஒரு கிழவரைச் சொல்வாங்க. ஆமை மாதிரி. கேட்டா தூக்கம்தான் வரும்."

அத்தான் ஒரு பிஸ்கட்டை முழுசாக வாயில் திணித்துக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்து தொலைத்தது.

போஸ்ட்மாஸ்டரின் முகம் வாடிவிட்டது. டேப்பை நிறுத்தினார். "தங்கமான குடும்பம்தான். ஆனா மனுஷன் கல்லு மாதிரி உக்காந்திருக்காரே. இவரோட காலம் பூரா நான் என்னத்தைப் பேசுவேன்? யோசிச்சுச் சொல்லலாம்" என்று அவர் மனைவியிடம் முணுமுணுத்தது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

மகள் விருட்டென்று எழுந்தாள்.

"அப்பா, பேசுங்க!"

"நிஜமாவா?"

"ஐயோ, பேசுங்கப்பா!"

அத்தான் பிஸ்கட்டை விழுங்கினார். நாற்காலியைப் போஸ்ட்மாஸ்டருக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆமைன்னா சொன்னீங்க?" என்று ஆரம்பித்தார். போஸ்ட்மாஸ்டருக்கு அப்படி ஒரு சந்தோஷம், அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இருவரும் மாறி மாறிக் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருவருக்கும் மறுபடி தேநீர் ஊற்றினாள்.

கல்யாணத் தேதியை அக்காவும் பையனின் அம்மாவும் சமையலறைக்குள் போய்க் குறித்தார்கள். கூடத்தில் வேறு யார் பேச்சும் எடுபடவில்லை.