பார்பரம்மாளைக் கொடுத்தவள்

மரியானூர்க் கோயிலில் பார்பரம்மாள் இருந்தவரைக்கும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் அவளைத் தொட்டுக் கும்பிடாமல் வேன் ஏறியதில்லை. இந்துப் பெண்களும்தான். நெஞ்சளவு உயரத்தில் ஒரு மரப்பலகை. அதில் பச்சை உடுப்பும் தங்க முடியுமாக ஒரு பெண், கையில் சின்னக் கோபுரம். நெருப்பிலிருந்தும் வெடியிலிருந்தும் காக்கிற புனிதை என்று சொல்லி, ஐம்பதுகளில் ஒரு ஜெர்மன் சாமியார் அதைக் கப்பலில் கொண்டுவந்தார். தீக்குச்சி மருந்தைத் தொட்டுப் பிழைக்கிற ஊருக்கு வேறென்ன வேண்டும்? அந்தச் சாமியார் இறந்து, கோயிலுக்குப் பின்னாலேயே அடக்கமாகிவிட்டார்.

கோயில்பிள்ளையாக இருந்த ஜெபதுரை மஞ்சள்காமாலையில் போனபிறகு, கோயிலைத் திறந்து பூட்டும் வேலை அவன் மனைவி இஞ்ஞாசியம்மாளிடம் வந்தது. மற்ற நேரம் அவளும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினாள். ஒரே மகள் ஆஸ்லின். தொண்ணூற்று நாலில் அவள் வேலை பார்த்த பட்டாசு ஆலையில் மருந்து அறை பற்றிக்கொண்டது. வலது கையும் கழுத்தும் வெந்துபோய்க் கிடந்த பிள்ளையைப் பார்த்து டாக்டர்கள் கையை விரித்தார்கள். இஞ்ஞாசியம்மாள் ஊருக்கு ஓடிவந்து, பலகையின் அடியில் நெற்றியை முட்டி அழுதாள். “எம்பிள்ளய விட்ரு தாயே, விட்ரு.” ஆஸ்லின் பிழைத்தாள். அன்றிலிருந்து கோயிலுக்கு வரும் பெண்களிடம் இஞ்ஞாசியம்மாள் அந்தக் கதையைச் சொல்லாத நாளில்லை.

இரண்டாயிரத்து இரண்டில், கோயிலைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் பலகையைப் படம் எடுத்துப் போய் அங்கே ஒரு பத்திரிகையில் போட்டார். ஒரு வருஷம் கழித்துப் பங்குச்சாமியார் ரெஜின் இஞ்ஞாசியம்மாளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னதே அவளுக்குப் பயமாக இருந்தது.

“இஞ்ஞாசி, அது நம்ம பலக இல்லம்மா.”

அவர் விளக்கினார். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு கோயில் பீடத்துக்குக் கதவுபோல் விரித்து மூட இரண்டு பலகைகள் வரைந்தார்கள். அதில் ஒன்று இது. அந்தக் கோயில் பாழானபோது இரண்டும் விலைக்குப் போய், கடைசியில் ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டில் இருந்தன. ஹிட்லர் காலத்தில் அந்த வீட்டைப் பறித்து, சாமான்களை ஏலம் விட்டார்கள். மற்றப் பலகை போன இடம் தெரியவில்லை. இதை ஏலத்தில் எடுத்த ஆலைக்காரன், சண்டை முடிந்தபிறகு, பறித்த சொத்து என்று மாட்டிக்கொள்வோமோ என்று பயந்துபோய், இந்தியாவுக்குக் கிளம்பின சாமியாரின் தலையில் கட்டிவிட்டான்.

“நம்ம சாமிக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டாரு. அந்த வீட்டுப் பிள்ள ஒருத்தி இன்னும் இருக்கா. பத்திரிகையில படத்தப் பாத்துட்டு இங்க வாரா.”

அவள் கோயில் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். “எவ வந்தாலும் கதவத் தொறக்க மாட்டேன். அறுபது வருஷமாத் தேடாதவளுக்கு இப்ப என்ன?” என்றாள் மகளிடம். ஊர்ப் பெண்கள் கூட்டமாக வந்து, விடாதே என்று தைரியம் சொன்னார்கள். பத்திரகாளி என்கிற பக்கத்து வீட்டுக்காரி கோயில் வாசலிலேயே படுத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

வந்தவள் பேர் மிரியம். எண்பதை நெருங்கிய கிழவி. புழுதி பறக்கிற வெயிலில் காரை விட்டு இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. பெண்கள் வாசலை அடைத்து நின்றார்கள். கிழவி சண்டைக்கு வரவில்லை. ஒருதடவை பார்த்தால் போதும் என்று ரெஜின் சாமி மூலமாகக் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு இஞ்ஞாசியம்மாளால் மறுக்க முடியவில்லை. முடிச்சை அவிழ்த்துக் கதவைத் திறந்தாள்.

கிழவி பலகைமுன் வெகுநேரம் நின்றாள். பிறகு எதையோ மெதுவாகச் சொன்னாள்.

“என்ன சாமி சொல்லுதாவ?” என்று கேட்டாள் இஞ்ஞாசியம்மாள்.

“அவிய வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேல இது மாட்டியிருந்ததாம். இதுக்குக் கீழதான் அப்பா உக்காருவாராம். அம்மா, அப்பா, தம்பி எல்லாரையும் கொண்டுபோயிட்டாங்க. யாரும் திரும்பி வரல. போட்டோகூட இல்ல. அந்த வீட்டுலருந்து மிஞ்சினது இது ஒண்ணுதானாம்.”

இஞ்ஞாசியம்மாள் ஆஸ்லினின் கையை இழுத்து, வெந்த தழும்பைக் காட்டினாள். சாமியார் கதையைச் சொல்லச் சொல்லக் கிழவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அழுதாள். அழுதாலும், பலகை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லுவாள் என்று ஒரு நிமிஷம் இஞ்ஞாசியம்மாள் எதிர்பார்த்தாள்.

ஆயர் இல்லம் சம்மதித்தது. அரசாங்கத்தின் அனுமதியும் வந்தது. இஞ்ஞாசியம்மாளே கதவைத் திறந்துவிட, பலகையைப் பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். வாசலில் படுப்பதாகச் சொன்ன பத்திரகாளி அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டாள். சுவரில் வெளுப்பாக ஒரு நீளக் கட்டம் மட்டும் தெரிந்தது. கண்ணாடி போட்ட பார்பரம்மாள் படம் ஒன்றை அங்கே மாட்டினார்கள். அதை யாரும் தொடவில்லை.

அடுத்த கோடையில் பட்டாசு ஆலையில் தீப்பிடித்து, அங்கே வேலை பார்த்த பத்திரகாளியின் மகள் சுதாராணி செத்துப்போனாள். சாவு வீட்டுத் துட்டிக்குப் போன இஞ்ஞாசியம்மாளை வாசலிலேயே மறித்தாள் பத்திரகாளி.

“ஒம்மவ பொழச்சிட்டா. எம்மவளுக்கு யாருட்டி இருக்கா? நீதான கதவத் தொறந்துவிட்ட!”

கிழவியின் கதையை அங்கே எப்படிச் சொல்வது? சொன்னாலும் பிணத்துக்குமுன் அது நிற்குமா? அவள் வெயிலில் அப்படியே நின்றாள். யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. ரெஜின் சாமி பிரசங்கத்தில் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், பெண்கள் அவளோடு பேசுவதை விட்டார்கள்.

ஆஸ்லினுக்குப் புதியம்புத்தூரில் ரெடிமேட் தையல் வேலை கிடைத்ததும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே பட்டன் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒருநாள் ஆஸ்லின் கேட்டாள்: “குடுத்தது தப்புன்னு நெனைக்கியாம்மா?”

“அந்தம்மாவுக்கும் அது வேணும். பத்திரகாளிக்கும் வேணும். இருந்தது ஒண்ணுதான ஏட்டி. நான் என்ன செய்ய?” என்றாள் இஞ்ஞாசியம்மாள். அடுத்த சட்டையை எடுத்து மடியில் விரித்தாள்.