ஹுவா அக்காவின் இடது புருவம்

ஹுவா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்திக்கு நான் அனுப்பிய பதில், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூன்று மஞ்சள் மூஞ்சிகள்.

வேண்டுமென்றா செய்வேன்? சனிக்கிழமை காலை, அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் மகள் வீட்டு அடுப்பில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அக்காவின் நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. நாலு வருஷமாக அந்த நம்பரிலிருந்து வருவதெல்லாம் அவர் நடித்த பழைய காமெடித் துண்டுகள்தான். பார்ப்பதற்கு முன்பே சிரிப்பு மூஞ்சியைத் தட்டிவிடுவது என் வழக்கம். அன்று அவர் போனிலிருந்து அனுப்பியது அவருடைய மகன் ஹென்றி.

"அப்பா! என்ன பண்ணிட்டீங்க? டெலீட் பண்ணுங்க, சீக்கிரம்!" என்று திவ்யா அலறினாள். எனக்கு அனுப்பத் தெரியும், அழிக்கத் தெரியாது. அவள் போனைப் பிடுங்குவதற்குள் இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. தோசையும் கருகிவிட்டது.

போன வருஷம் நம் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரியும். மேடையில் என்னைப் புரட்டி எடுத்தாரே, அந்தச் சீனத்து அம்மா. வராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ப்ளஸ் டூவோடு நின்றுபோய், ஈரோடு சத்தி ரூட்டில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். விசில் அடித்த அளவுக்கு எழுதியதில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரை முதலில் பார்த்தது ஏரிக்கரைப் பூங்காவில். ஒரு வாத்து என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. இங்கத்து வாத்துக்கு நம்மூர் நாயின் குணம். "ச்சூ, போ சனியனே!" என்று நான் ஓட, பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது:

"தம்பி, அதுக்கு தமிழ் தெரியாது லா!"

திரும்பிப் பார்த்தால் எண்பது வயதுச் சீன அம்மையார், பூப்போட்ட சட்டை, வாயெல்லாம் சிரிப்பு. மலேசியாவில், பினாங்கில் பிறந்தவராம்; அதுதான் அந்த 'லா'. பக்கத்து வீட்டில் முறுக்குச் சுடும் தமிழ்க் குடும்பம், அங்கே ஒட்டிக்கொண்ட தமிழ். அவருடைய சொந்தப் பேச்சு ஹொக்கியன், சீனத்தின் வட்டார மொழிகளில் ஒன்று. அந்த மொழியில் ஐம்பது வருஷம் ஜனங்களைச் சிரிக்க வைத்தவர் அவர்.

பதினாலு வயதில் நாடகக் குழுவில் கதாநாயகி ஆவதற்குத்தான் சேர்ந்தாராம். முதல் நாளே சோகக் காட்சியில் சவரி முடி கழன்று விழ, அதைப் பூனைக்குட்டி மாதிரி தடவிக்கொண்டே வசனத்தை முடித்திருக்கிறார். அதோடு கதாநாயகி வாய்ப்பு போயிற்று. அப்புறம் ரேடியோவில் சண்டைக்காரி, டிவியில் மாமியார். சந்தைக்குப் போனால் நிஜ மருமகள்கள் முறைப்பார்களாம். பிறகு டிவியில் மாண்டரின் என்ற பொதுச் சீனம் வந்தது, ஹொக்கியன் குறைந்தது. "எனக்கு ஊமை வேஷம் குடுத்தான் தம்பி. வாயை எடுத்துக்கிட்டான், மூஞ்சியை மட்டும் வெச்சுக்கோன்னான்." அதைச் சொல்லும்போதும் சிரித்தார்.

பேய் மாதம் என்று அவர்களுக்கு ஒன்று உண்டு. நம் மகாளயம் மாதிரி, செத்தவர்கள் திரும்பி வரும் காலம். தெருவில் மேடை போட்டு ஆட்டம், பாட்டு, காமெடி எல்லாம் நடக்கும். முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்களாம், இறந்தவர்கள் உட்கார்ந்து பார்க்க.

"அதுதான் கஷ்டமான ஆடியன்ஸ். சிரிக்கவே மாட்டாங்க."

"அப்ப யாரைப் பாத்து நடிப்பீங்க அக்கா?"

"அவங்களைப் பாத்துத்தான். என்னைக்காவது ஒருத்தன் சிரிச்சிருவான்ல?"

கணவர் போனபின் ஹென்றி இங்கே கூட்டிவந்துவிட்டார். தங்கமான மகன். ஆனால் ஹொக்கியனில் அவருக்குத் தெரிந்தது சாப்பாட்டுப் பெயர்களும் நாலு திட்டும்தான். பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. "கியூட்னு சொல்றாங்க தம்பி. எனக்கு கியூட் வேணாம். சிரிப்பு வேணும்."

அதனால் பெஞ்சில் எனக்கு நடித்துக் காட்ட ஆரம்பித்தார், ஹொக்கியனிலேயே. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. சிரிக்க வேண்டிய இடம் வந்தால் இடது புருவத்தைத் தூக்குவார். நான் சிரிப்பேன். கண்டக்டர் விசிலுக்கு டிரைவர் வண்டியை எடுக்கிற மாதிரிதான். கொஞ்ச நாளில் நிஜமாகவே சிரிப்பு வந்தது.

பொங்கல் மேடையில் அவர் மாமியார், நான் மருமகன். எனக்கு ஒரே ஒரு வரி. அதையும் மறந்துவிட்டுக் கம்பம் மாதிரி நின்றேன். அக்கா ஒரு விநாடி பார்த்தார். பிறகு என் பாக்கெட், வேட்டி மடிப்பு, காது எல்லாவற்றிலும் அந்த வரியைத் தேட ஆரம்பித்தார். தானும் தன் வரியைத் தொலைத்துவிட்டதாகத் தலையில் அடித்துக்கொண்டார். ஹால் அதிர்ந்தது.

இறங்கியதும் மன்னிப்புக் கேட்டேன். "கூட நிக்கிறவன் விழுந்தா, நாமளும் சேந்து விழணும் தம்பி. அப்பதான் ஜனங்க அதை நடிப்புன்னு நெனைப்பாங்க" என்றார்.

அதற்கு ஆறு மாதம் கழித்துப் பக்கவாதம். முகத்தின் இடது பக்கம் சரிந்துவிட்டது. ஆங்கிலம் போயிற்று, தமிழ் போயிற்று, ஹொக்கியன் மட்டும் மிஞ்சியது. நர்சிங் ஹோமில் அதைப் புரிந்துகொள்ள ஒருவரும் இல்லை. ஹென்றி போனில் ஏதோ மொழிபெயர்ப்பு ஆப் வைத்துப் பார்த்தார். அது உளறியது. நான் செவ்வாயும் வியாழனும் பஸ் பிடித்துப் போய் உட்காருவேன். அவர் வலது கையால் போனில் காமெடித் துண்டுகளை ஓட்டிக் காட்டுவார், ஏதாவது பேசுவார். தூக்குவதற்குப் புருவம் இல்லை. குத்துமதிப்பாகச் சிரித்துவைப்பேன்.

கடைசி வியாழக்கிழமை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொன்னார். நான் தலையாட்டினேன். மறுபடி அதையே சொன்னார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், தள்ளிவிட்டார். போர்வையை இழுத்துவிட்டேன், அதுவும் இல்லை. நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் வந்து "யூ ஆர் ஓகே, மம்மா" என்று அக்காவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாவது முறையும் அதே வாக்கியம். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சத்தமாகச் சிரித்தேன்.

அக்கா என்னைப் பார்த்தார். மேடையில் பார்த்த அதே ஒரு விநாடி. பிறகு மணிக்கட்டை விட்டுவிட்டு, வலது கை விரலால் தன் இடது புருவத்தைத் தூக்கிப் பிடித்தார். அவரும் சிரித்தார்.

நினைவுக் கூட்டம் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. முதல் வரிசையில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டேன். "யாருக்கு அங்கிள்?" என்று கேட்டார்கள். "அவங்களுக்குத்தான்" என்றேன். திரையில் அவருடைய மாமியார் காட்சியை ஓட்டினார்கள். ஹாலே அமைதியாக இருந்தது. புருவம் தூக்கிய இடத்தில் நான் ஒருவன் மட்டும் சிரித்தேன். முதல் வரிசையில் இருந்து கேட்டிருப்பீர்கள் அக்கா. போய் வாருங்கள்.

முடிந்ததும் ஹென்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மூன்று மூஞ்சிகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அங்கிள், வியாழக்கிழமை நீங்கதான் கூட இருந்தீங்க. அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஜோக்" என்றேன். "நான் சிரிச்சேன். அவங்களும் சிரிச்சாங்க."

"தேங்க் காட்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். அவர் தோளில் முகம் வைத்தபடி நான் சொல்லாமல் விழுங்கியது இதுதான்: அது ஜோக் இல்லை ஹென்றி. உங்கள் அம்மா என்னிடம் ஏதோ கேட்டார்.