தெருமுனைக் கோலம்

எங்கள் தெருமுனையில் குப்பைத்தொட்டி இருந்த காலத்தில், முன் அறை ஜன்னலை நான் திறந்ததே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மலைக்கோட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குத்தான் ஏற வேண்டும். ஜன்னலைத் திறந்தால் எச்சில் இலையும் ஈயும்தான் தரிசனம்.

போன வருஷம் மாநகராட்சியிலிருந்து வந்து தொட்டியைத் தூக்கிவிட்டு, தரைக்கல் பதித்து, சிமெண்ட் பெஞ்சு போட்டு, ஒரு வேப்பங்கன்றும் நட்டார்கள். யாரும் குப்பை போடக் கூடாதென்று நடுவில் பெயிண்டால் பெரிய கோலமும் வரைந்தார்கள். வாரம் திரும்பவில்லை, அதன் மேலேயே குப்பை விழுந்தது. முதல் பை எதிர்வீட்டு அக்காவுடையது. கேட்டால், "குப்பை வண்டி வாரப்ப நான் அடுப்படியில நிக்கிறேன். பெறகு எங்க போயி கொட்ட?" என்றார். மாநகராட்சித் துப்புரவு மேற்பார்வையாளரும் கறாராகச் சொல்லிவிட்டார்: "இப்படியே போட்டீங்கன்னா பெஞ்ச எடுத்துட்டுத் தொட்டியவே வச்சிருவோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகுதான் உறைத்தது. பெயிண்ட் கோலத்தை யார் மதிப்பார்கள்? கோலம் என்றால் அன்று காலையில் ஒருத்தி குனிந்து போட்டதாக இருக்க வேண்டும். மறுநாள் அந்த இடத்தைக் கழுவித் தள்ளி, ஈரத்தரையில் மாக்கோலம் போட்டேன். அக்கா பையோடு வந்தார். கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முணுமுணுத்துக்கொண்டே பையோடு திரும்பிப் போனார்.

அன்றிலிருந்து தினமும் கோலம்தான். குப்பை விழவில்லை. ஜன்னலை மட்டும் நான் திறக்கவில்லை. நம்பித் திறந்து ஏமாற வேண்டாமென்று இருந்தேன்.

ஆடியில் காய்ச்சல் வந்து முன் அறையில் படுத்துவிட்டேன். எழுந்து நிற்கவே முடியவில்லை. இன்றோடு போச்சு, தொட்டி திரும்ப வந்துவிடும் என்று அழுகையாக வந்தது. அப்போது வெளியே அக்காவின் குரல் கேட்டது. யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். "ஏலே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? கோலம் கெடக்கிறது தெரியல?"

கட்டிலில் எக்கி, துருப்பிடித்த கொக்கியைத் தட்டி ஜன்னலைத் திறந்தேன். பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார், மடியில் கோலமாவு டப்பா. கீழே கிடந்த கோலம் என்னுடையதைவிடப் பெரிது, இழையெல்லாம் அத்தனை நேர்த்தி. கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்தது.

"நீங்களாக்கா போட்டீங்க?"

"பின்ன? நீ படுத்துக்கிட்டா தெரு நாறணுமா? செத்த நேரத்துல கஞ்சி கொண்டாரேன். சன்னலச் சாத்தாத."

சாத்துவேனா? ஜெயித்துவிட்டோம் என்று காய்ச்சலிலும் சிரித்துக்கொண்டேன். அன்று முழுக்கப் படுத்தபடியே மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.