சோளகத்தில் அழிந்த கோடு

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் குருநகர்க் கடற்கரையில் கரப்பந்து விளையாடினால் எல்லைக் கோடு நிற்காது. சுண்ணாம்புத் தூளை அரை மணித்தியாலத்தில் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு பந்து உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதைக் கிட்ட நின்ற ஆட்டக்காரர்தான் சொல்ல வேண்டும். அவர் எந்த அணி என்று யாரும் பார்ப்பதில்லை.

அன்று கோப்பாயிலிருந்து போன எங்கள் அணி முதன்முறையாக இறுதியாட்டத்துக்குப் போக ஒரு புள்ளிதான் தேவைப்பட்டது. எதிரணியில் ஒரு மீனவர் சேர்விஸ் அடித்தார். பந்து எனக்குப் பின்னால் விழுந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே என்று சொன்னால் வெற்றி எங்களுக்கு.

"நான் காணேல்லை. கண்ணுக்கை மண்" என்றேன். பத்திரிகை நிருபரான நான் தொழிலில் சொல்லக் கூசுகிற வசனம் அது.

"பேப்பரிலை எழுதேக்கை மட்டும் எல்லாத்தையும் கண்டமாதிரி எழுதுவியள்!" என்று எங்கள் கப்டன் கத்தினார்.

சேர்விஸைத் திரும்ப அடித்தார்கள். அதுவும் அடுத்த இரண்டு புள்ளிகளும் அவர்களுக்கே போயின. ஆட்டம் முடிந்தது. கப்டன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அந்த மீனவர் தண்ணீர்ப் போத்தலோடு வந்து முதலில் என்னைக் கண்ணைக் கழுவச் சொன்னார். பிறகு, "உள்ளையோ வெளியையோ எண்டு எனக்கும் தெரியாது அண்ணை. நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் அடிச்சனான்" என்றார்.

கப்டன் திரும்பிப் பார்த்தார். போத்தலை வாங்கித் தன் கண்ணையும் கழுவினார்.