நீலமேகம் கேட்காத கேள்வி

1974, மாசி மகத்துக்கு மறுநாள் காலையில் வச்சலா டிரங்குப் பெட்டியோடு வீட்டை விட்டுப் போனாள். அவள் கிணற்றில் வாளி விட்ட சத்தத்தில் தன் வாக்கியம் ஒன்று செத்துவிட்டதாகப் புருஷன் நீலமேகம் கத்தியதுதான் காரணம். செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்த அவன் தன்னை எழுத்தாளன் என்றே நம்பினான். எழுதத்தான் வரவில்லை. தீபாவளியிலிருந்து அவனுடைய கதாநாயகன் வாசற்படியில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான்.

எங்கே போகிறாய் என்று நீலமேகம் கேட்கவில்லை. மாமல்லபுரத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்து, அங்கேயே குடியிருப்பவன். கட்டுமரம் தள்ளப் போகிறவரிடம் அப்படிக் கேட்டால் போன காரியம் விளங்காது என்று அடி வாங்கி வளர்ந்தவன். கேட்காமல் இருப்பது மானத்துக்கும் நல்லதாகப் பட்டது.

அவன் விரும்பிய அமைதி வீட்டில் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

குப்பம் கேட்காமல் விடுமா? பக்கத்து வீட்டு ஆதியம்மாள் விசாரித்ததும், விசாகப்பட்டினத்துக்கு நர்ஸ் படிக்கப் போயிருக்கிறாள் என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

"ஏழாவது ஃபெயிலான பொண்ணுக்கு இன்னா நர்ஸு படிப்பு?"

அதற்குப் பதில் சொல்ல ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா தேவைப்பட்டாள். டாக்டரம்மாவுக்கு ஒரு கெட்ட தம்பி. மறுநாள் ஆதியம்மாள் இன்னும் நாலு பெண்களைக் கூட்டிவந்து மீதியைக் கேட்டாள். கேட்கக் கேட்கக் கதை நீண்டது. சொன்னதையெல்லாம் ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்துச் சென்னைக்கு அனுப்பினான். ஒரு வாரப் பத்திரிகை தொடர்கதையாகப் போட்டது. வாசற்படியில் நின்றவனையே அதில் புருஷனாக்கினான். அவன் காலை இறக்கினான், மனைவியைத் தேடி ஊர் ஊராக அலைந்தான், அழுதான். வாசகிகளும் அழுது கடிதம் எழுதினார்கள்.

நீலமேகம் மட்டும் தேடவில்லை. அவளை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இருக்குமிடம் தெரிந்துவிட்டால் அடுத்த வாரத்துக்கு என்ன எழுதுவது? அவளுடைய அக்கா வீட்டுப் பக்கம்கூட அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. இந்த அத்தியாயம் முடியட்டும், முடியட்டும் என்று இரண்டு ஆடி போயின.

அந்த ஐப்பசியில், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கருவாடு விற்றுத் திரும்பிய ஆதியம்மாள் கூடையை இறக்காமலே வந்து நின்றாள். வச்சலா போன நாளிலிருந்து அங்கே அக்கா வீட்டில்தான் இருக்கிறாளாம். தொடர்கதையை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறாளாம்.

நீலமேகம் எழுந்து நின்றான். "எதுனா சொல்லி அனுப்பிச்சாளா?"

"அனுப்பிச்சா. அந்தக் கதையில பொண்டாட்டியத் தேடிகினு, அழுதுகினு திரியறானே ஒருத்தன், அவன் அட்ரஸை வாங்கியாரச் சொன்னா. அவங்கூட வாழறாளாம்."