மீசைச் சாயத்தால் மூடிய வாய்

இந்தச் சின்சினாட்டியில் எங்கள் கறுப்பு நிறத்தவரில் நான்கு நாற்காலியும் வெந்நீர்க் குளியலறையும் வைத்துச் சவரக்கடை நடத்துகிறவன் நான் ஒருவன்தான். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. வாடிக்கைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன செய்தித்தாளை வைத்தே எழுத்துக் கூட்டப் பழகினேன். ஆனால் இங்கே எழுதப்போவது என் கதையல்ல. ஆல்ஃபியஸ் குரூமின் கதை. நான் வருவதற்கு முன்பு படகுத்துறைத் தெருவில் பேர்போன கை அவருடையது. அவர் கடையில் இரண்டாவது நாற்காலி என்னுடையதாக இருந்தது.

வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே சவரம் செய்யும் கடை அது. நாங்கள் மழித்துக்கொள்வது ஞாயிறு காலையில், கதவைச் சாத்திக்கொண்டு. அப்படி இல்லாவிட்டால் நீதிபதி டில்லார்ட் போன்றவர்கள் எங்கள் படியேறமாட்டார்கள்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டாம் வருடம் பெக்வித் என்ற ஓவியர் கடைக்கு வந்தார். மக்களின் அன்றாட வாழ்க்கையைத்தான் வரைவாராம். ஒரு குடியானவரை நாற்காலியில் சாய்த்து, கையில் செய்தித்தாளைக் கொடுத்தார். ஆல்ஃபியஸைக் கத்தியோடு பக்கத்தில் நிறுத்தினார்.

"டேய் ஆல்ஃப், கொஞ்சம் பல்லைக் காட்டுடா. நல்லா சிரி."

"எதுக்குங்கய்யா?"

"அவர் படிக்கிறதை ஒட்டுக்கேட்டுச் சிரிக்கிற மாதிரி. உங்க ஆளுங்க சிரிச்சாத்தான் படம் எடுபடும்."

"கத்தி பிடிச்சா நான் சிரிக்கிறதில்லைங்க."

"படம்தானேடா!"

"படத்துலயும் அது கத்திதானுங்களே."

நான் துவாலையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றேன். ஆல்ஃபியஸ் குரலை உயர்த்தவில்லை. ஓவியரை முதல் நாற்காலியில் உட்காரச் சொல்லி, நுரை பூசி, கத்தியைக் கழுத்தில் வைத்தார்.

"இப்போ சிரிக்கட்டுமாங்கய்யா?"

"வேணாம்! வேணாம்ப்பா!" ஓவியர் மூச்சைக்கூட விடவில்லை.

ஒரு கீறலும் இல்லாமல் சவரத்தை முடித்து அனுப்பினார். வாய் மூடிய முகத்தோடுதான் படம் எழுதப்பட்டது. என் கண்ணால் பார்த்தேன். கட்டைவிரலைக் கத்தியின் அடியில் கொடுக்கும் அவருடைய பிடிகூடச் சரியாக வந்திருந்தது.

அடுத்த வருடம் அந்தப் படம் அச்சாகி ஊருக்கு வந்தது. அச்சுக்காரருக்கு விற்பனைதானே கணக்கு! ஆல்ஃபியஸின் வாயைக் காது வரைக்கும் கிழித்து, இருக்கிற பல்லெல்லாம் போட்டுவிட்டிருந்தார். எதிரில் இருந்த விடுதியில் ஒன்று மாட்டினார்கள். எங்கள் கடைக்கும் ஒன்றை ஓவியரே அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். மாட்டாமல் இருந்தால் மரியாதைக்குறைவு ஆகிவிடும்.

திங்கட்கிழமை நீதிபதி டில்லார்ட் வந்தார். நுரை பூசிய முகத்தோடு சுவரைப் பார்த்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டா, என் கழுத்துல கத்தியை வச்சுக்கிட்டும் இப்படித்தான் இளிக்கிறியா?"

"பதினோரு வருஷமா வர்றீங்க. ஒரு நாளாவது சிரிச்சேனாங்கய்யா?"

"நான் கண்ணை மூடிக்கிட்டில்ல இருக்கேன்! எனக்கு எப்படித் தெரியும்?"

நுரையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். செவ்வாய்க்கிழமை இரண்டு படகுத் தலைவர்கள் வாசலோடு திரும்பினார்கள். புதன்கிழமை முதல் நாற்காலியில் யாருமே உட்காரவில்லை.

"கழட்டி எறிஞ்சுடலாம்ண்ணே," என்றேன்.

"எறிஞ்சா, ஒளிக்கிறான்னு சொல்லுவாங்க கிதியோன். மீசைச் சாயத்தை எடு."

நரைத்த மீசைக்குப் பூசும் கரிய சாயம். படத்தில் பல்லுக்கு ஒரு தொடுகையாக, மெல்லிய தூரிகையால் பூசினார். மேல் உதட்டையும் கீழ் உதட்டையும் சேர்த்தார். பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாய்க்கோட்டை நேராக்கினார். அரைமணி நேர வேலை. முடித்ததும் வாசல் கதவை அகலத் திறந்துவைத்தார்.

வெள்ளிக்கிழமை நீதிபதி எட்டிப்பார்த்தார். படத்தைப் பார்த்தார், ஆல்ஃபியஸைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இப்போதான்டா உன்னை மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

விடுதியில் இருந்த படத்தின் வாயும் அந்த ஞாயிறே மூடிவிட்டது. எப்படி என்று யாருக்கும் தெரியாது. சாயம் பூசுவதில் அன்றைக்கும் இன்றைக்கும் என்னை மிஞ்சிய கை இந்த ஊரில் கிடையாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அந்த வாரம் முழுக்க என் விரல் நுனி கறுத்துக் கிடந்தது. என் தோலில் அதை எந்த வெள்ளைக்காரர் கண்டுபிடிப்பார்?